உட்டாவுல இருந்து அக்ராவுக்கு: வயசான மிஷனரி தம்பதிக்கு அங்க அன்றாடம் எப்படி இருக்கும்

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். ஆபீஸ்ல உங்ககூட வேலை பாக்குற அமெரிக்க நண்பரோட அப்பா அம்மா, அவருக்கு 67 அந்தம்மாவுக்கு 64, உட்டாவுல சொந்த வீடு தோட்டம் பேரப்பிள்ளைங்கன்னு இருக்கிறவங்க, 18 மாசத்துக்கு மிஷனரியா மேற்கு ஆப்பிரிக்காவுல கானாவுக்குப் போறாங்க, தலைநகர் அக்ராவுல போஸ்டிங், இந்த வயசுல தாக்குப்பிடிப்பாங்களா, எதுக்கெல்லாம் மனச தயார் பண்ணிக்கணும்னு கேட்டிருக்கீங்க. நான் அக்ராவுல 11 வருஷம் இருந்தேன், ஒரு பிளாஸ்டிக் கம்பெனில அக்கவுண்ட்ஸ். நான் அந்த சபை இல்ல, நாகர்கோவில் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பம். ஆனா நாங்க இருந்த காம்பவுண்டுல மாடி போர்ஷன இந்த மாதிரி வர்ற தம்பதிங்களுக்குன்னே வாடகைக்கு எடுத்து வச்சிருந்தாங்க, ஒரு ஜோடி போனா அடுத்த ஜோடி வரும், அப்படி நாலு ஜோடிய, வந்து இறங்கின ராத்திரில இருந்து பெட்டி கட்டி கெளம்புற வரைக்கும் பக்கத்துல இருந்து பாத்திருக்கோம். முதல் வாரம் அந்தம்மாமாரக் கூட்டிட்டு மார்க்கெட்டுக்குப் போறது என் மனைவிதான்.

மத்தவங்களும் படிப்பாங்கங்கிறதால இவங்க யாருன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைன்னு பேரு, மார்மன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், தலைமை சால்ட் லேக் சிட்டில. வெள்ளைச் சட்டை, டை, கருப்பு பேட்ஜ் போட்டுக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா நடந்து போற பையனுங்கள எங்கயாவது பாத்திருப்பீங்க, அது இளசுங்க, 2 வருஷம், எழுந்திரிக்கிற நேரம் முதற்கொண்டு சட்டம் உண்டு. உங்க நண்பரோட அப்பா அம்மா போறது வேற வகை. சொந்தக் காசு போட்டுப் போறாங்க, 6 மாசத்துல இருந்து 23 மாசம் வரைக்கும் அவங்க வசதிக்கு, வீடு வீடா போய் கதவு தட்டணும்னு கட்டாயம் இல்ல. வாடகை ஊருக்கு ஊரு ரொம்ப மாறுதுன்னு 2011ல மாசம் 1,400 டாலருக்கு மேல தம்பதி தலையில விழக்கூடாதுன்னு ஒரு வரம்பு கொண்டுவந்தாங்க. அக்ரால இவங்க வேலைன்னு நான் பாத்தது என்னன்னா, மிஷன் ஆபீஸ் கணக்கு, அந்தப் பையனுங்க தங்குற ரூமெல்லாம் சுத்தமா இருக்கான்னு போய்ப் பாக்குறது, அவங்களுக்கு மெத்தை, கேஸ் சிலிண்டர், தண்ணி பில்டர்னு கொண்டுபோய்க் குடுக்கிறது, கெணறு வெட்டுறது, ஆஸ்பத்திரிக்கு சாமான் வாங்கிக் குடுக்கிறது மாதிரி உதவித் திட்டங்கள், அப்புறம் இன்டிபென்டன்ஸ் அவென்யூல 2004ல தெறந்த அவங்க ஆலயத்துல ஊழியம்.

நீங்க பயப்படுற விஷயங்கள், வெயிலு, மலேரியா, சாப்பாடு, கரன்ட்டு, இதெல்லாம் ரெண்டு மாசத்துல படிஞ்சிரும். நாலு ஜோடில ஒருத்தருமே அதனால திரும்பிப் போகல. கஷ்டம் வேற எடத்துல இருக்கு. 40 வருஷம் தன் வீட்ட தானே ஓட்டி, தன் கார தானே ஓட்டி, ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாம வாழ்ந்த ரெண்டு பேரு, அதுவும் உதவி பண்ணணும்னே கெளம்பி வந்தவங்க, இங்க வந்து ஒரு பல்பு மாட்டுறதுக்கும் பக்கத்து வீட்டுப் பையனக் கூப்பிட வேண்டி வரும். குடுக்க வந்தவங்க வாங்கிக்கப் பழகணும். இத சீக்கிரம் பழகினவங்க சந்தோஷமா இருந்தாங்க, பழகாதவங்க 18 மாசத்தையும் நாள் எண்ணிக் கழிச்சாங்க. நான் சொல்றதுல வேற எது மறந்தாலும் இத மட்டும் அவங்ககிட்ட சொல்லிருங்க.

உடம்பு விஷயம் முதல்ல. சால்ட் லேக் சிட்டி கடல் மட்டத்துல இருந்து 1,300 மீட்டர் ஒசரம், காத்து காஞ்ச காத்து. அக்ரா கடக்கரை, நம்ம சென்னை மாதிரி பிசுபிசுப்பு, பீரோல வச்ச தோல் செருப்பு ரெண்டு வாரத்துல பூசணம் பூத்துரும். முதல் மாசம் பகல்ல 12ல இருந்து 3 வரைக்கும் வெளிய அலையாதீங்கன்னு சொல்லுங்க, ஊர்க்காரங்களே அலைய மாட்டாங்க. டிசம்பர் ஜனவரில சஹாரா பக்கத்துல இருந்து ஹர்மட்டான்னு ஒரு காத்து வரும், வானமே புழுதி, ஊர்ல எல்லாருக்கும் உதடு வெடிக்கும், மூக்கு எரியும், எல்லாரும் புலம்புவாங்க, ஆனா எங்க மாடி அம்மா மட்டும் ஜன்னலத் தெறந்து வச்சு நின்னுட்டு இன்னிக்குத்தான் எங்க ஊரு மாதிரி இருக்குன்னு சொன்னாங்க, கண்ணுல தண்ணி.

மலேரியாவ லேசா எடுத்துக்கக் கூடாது. அங்க இருக்கிறது பெரும்பாலும் பால்சிபேரம் வகை, மோசமான வகை. மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி சர்ட்டிபிகேட் இல்லாம ஏர்போர்ட்ல உள்ளயே விட மாட்டாங்க, அது ஒருபக்கம். மலேரியா மாத்திர போற முன்னாடியே ஆரம்பிச்சு திரும்பி வந்தப்புறமும் கொஞ்ச நாள் போடணும், எத்தனை நாளுங்கிறது மாத்திரைக்கு மாத்திர மாறும், டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். டாக்ஸிசைக்ளின் குடுத்தா அதப் போட்டுட்டு வெயில்ல நின்னா தோல் சீக்கிரம் வெந்துரும், போட்ட உடனே படுக்கவும் கூடாது, நிறைய தண்ணி குடிக்கணும். மாத்திர போட்டாலும் காய்ச்சல் வந்தா அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும், நாளைக்குப் பாக்கலாம்னு வைக்கவே கூடாது. பிபி, சுகர் மாத்திரயெல்லாம் முடிஞ்ச அளவுக்கு ஊர்ல இருந்தே டாக்டர் சீட்டோட கொண்டுபோகச் சொல்லுங்க. அமெரிக்காவுல வயசானவங்களுக்கு உள்ள மெடிகேர் பொதுவா வெளிநாட்டுல செல்லாது, அதனால தனி இன்சூரன்ஸ் என்னன்னு கெளம்புற முன்னாடியே கேட்டு வச்சுக்கணும்.

இதச் சொல்லும்போது எனக்கு ஒண்ணு ஞாபகம் வரும். அக்ராவுல ஓசுன்னு ஒரு பகுதி, அங்க கடலோரம் கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டை, டென்மார்க்காரன் வச்சிருந்தது. நம்ம தரங்கம்பாடிக் கோட்டை இருக்கே, அதுவும் அதே டென்மார்க்காரன் வச்சிருந்ததுதான். தரங்கம்பாடிய 1845ல இங்கிலீஷ்காரனுக்கு வித்தான், இத 1850ல வித்தான். அந்த ஓசுவுக்கு 1828 டிசம்பர்ல சுவிட்சர்லாந்து பாசல் மிஷன்ல இருந்து 4 வாலிபனுங்க வந்து இறங்கினாங்க, ஒரு வருஷத்துக்குள்ள 3 பேர் செத்துட்டாங்க, நாலாவது ஆளு 1831ல. கொசுவாலதான் மலேரியா வருதுன்னே அப்போ யாருக்கும் தெரியாது. நான் ஓசு பக்கம் போறப்பல்லாம் அந்த நாலு பேர நெனச்சுக்குவேன். இன்னிக்கு 67 வயசுல ஒருத்தர் மாத்திர போட்டு கொசுவல கட்டித் தூங்கி எழுந்து 18 மாசம் முடிச்சுட்டு நடந்தே ப்ளைட் ஏறுறாரு, அது சாதாரணமான விஷயம் இல்ல.

வீட்டு விஷயம். கரன்ட்டு 230 வோல்ட், அதனால ஊர்ல இருந்து மிக்சி, ரைஸ் குக்கர், ஹேர் டிரையர்னு கொண்டு வராதீங்க, 110 வோல்ட் சாமான சொருகின நிமிஷம் புகைஞ்சிரும், ஒரு அம்மா அவங்க அம்மா குடுத்த கேக் மிக்சர அப்படித்தான் பறிகொடுத்தாங்க. கரன்ட் போறதுக்கு அங்க தும்சோர்னு பேரு, அவங்க மொழில தும்னா அணைக்கிறது, சோனா ஏத்துறது, அணைச்சு அணைச்சு ஏத்துறதுங்கிறதே பேராயிருச்சு, 2012ல இருந்து நாலு வருஷம் போல ரொம்ப மோசம், நம்ம ஊர்லயும் அதே சமயம் பவர் கட்டுல செத்தோமே அந்தக் காலம். இப்போ அந்த அளவு இல்ல, ஆனாலும் டார்ச்சும் சார்ஜ் ஏத்துற பேனும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். தண்ணிக்கு வீட்டுக்கு வீடு கருப்பு டேங்க், பாலிடேங்க்னு சொல்வாங்க. குடிக்கிறதுக்கு பில்டர் தண்ணி, வெளிய போனா அரை லிட்டர் பாக்கெட் தண்ணி, அதுக்கு பியூர் வாட்டர்னு பேரு, சிக்னல்ல தலையில சுமந்து விப்பாங்க. பல்லு தேய்க்கவும் பில்டர் தண்ணிதான், இத முதல் வாரம் எல்லாருமே மறப்பாங்க.

பொழுது சீக்கிரம் இருட்டுறது அவங்களுக்கு ஒரு அதிர்ச்சி. உட்டாவுல கோடையில ராத்திரி 9 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அக்ராவுல வருஷம் பூரா சுமாரா காலைல 6க்கு விடியும், சாயங்காலம் 6க்கு இருட்டும், பத்து நிமிஷத்துல சட்டுன்னு. தெரு வெளக்கு எல்லா எடத்துலயும் கெடையாது, ரோட்டோரம் தொறந்த கால்வாய், தெரியாத ஆளு ராத்திரில கார் ஓட்டக் கூடாது, அதனால ஆறரைக்கு மேல வீட்டுக்குள்ளதான். அந்த ஆறரைல இருந்து பத்து வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கணும். அங்கதான் சிக்கல் வரும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

சத்தம். காலைல 4 மணிக்கு சேவல், அப்புறம் மசூதில பாங்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா பக்கத்து சபைல மைக் வச்சு முழு இரவு ஜெபம். இவங்க சபைல ஆராதனை அமைதியா பியானோ வச்சு ரெண்டு மணி நேரம், அதுக்குப் பழகின காதுக்கு இது பெரிய சோதனை. ஆனா வருஷத்துல ஒரு மாசம், பெரும்பாலும் மே ஜூன்ல, ஹோமோவோ பண்டிகைக்கு முன்னாடி அக்ராவோட பூர்வகுடியான கா மக்கள் மேளம், சத்தம் கூடாதுன்னு தடை போடுவாங்க, சபைங்களும் மைக்க அடக்கி வாசிக்கணும், ஊரே ஒரு மாதிரி மூச்சு விடும். அந்த மாசம் எங்க மாடி ஐயா பால்கனில நாற்காலி போட்டு உக்காந்து சும்மா இருட்டக் கேட்டுட்டு இருப்பாரு.

சாப்பாட்டப் பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். காரம் கூடுதலா இருக்கும், ஷிட்டோன்னு ஒரு மீன் கருவாட்டு மொளகா சட்னி நமக்கே வேர்க்கும், ஆனா வாக்யேன்னு சோறும் காராமணியும் சேத்து வேக வச்சது, பழுத்த வாழைக்காய இஞ்சி போட்டுப் பொரிச்ச கெலெவெலே, வேர்க்கடலைக் கொழம்பு, இதெல்லாம் ஒரு மாசத்துல அவங்களே தேடிப்போய் வாங்குவாங்க. புபுன்னு, வேக வச்ச மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் இடிச்சு உருண்டையா பண்றது, அத மெல்லாம முழுங்கணும், வலது கையால. இவங்க டீ காபி மது தொட மாட்டாங்க, சில ஊர்ல அது பெரிய சங்கடமாயிரும், கானாவுல இல்ல, ஏன்னா அங்க நம்ம போர்ன்விட்டா மாதிரி மைலோ ஓடுது, வீட்டுக்குப் போனா சாராயம் கலக்காத மால்ட் பாட்டில் இல்லன்னா செம்பருத்தி இனத்துப் பூவுல போடுற சோபோலோ குடுப்பாங்க. வேண்டாம்னு சொல்லாம கைல வாங்கிக் குடிக்க ஏதோ ஒண்ணு இருக்குங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க இருந்தாத்தான் தெரியும்.

மார்க்கெட்டு நம்ம ஊர்க்காரனுக்கு சொந்த வீடு மாதிரி, அமெரிக்கக்காரங்களுக்கு அது கணக்குப் பரீட்சை. வெல எழுதி ஒட்டியிருக்காது. தக்காளி கூறு கட்டி வச்சிருப்பாங்க, அரிசி பீன்ஸ் எல்லாம் ஒலொங்கான்னு ஒரு தகர டப்பால அளப்பாங்க, அப்படியே நம்ம படி, கும்பாச்சி கட்டி அளக்கிறாங்களா தல தட்டுறாங்களாங்கிறதுலதான் யாவாரமே இருக்கு. கொசுறு கேட்டா போடுவாங்க, கேக்கலன்னாதான் இது என்னடா ஆளுன்னு பாப்பாங்க. அவங்க காசுக்கு சேடின்னு பேரு வந்ததே சோழிங்கிற வார்த்தைல இருந்து, ஒரு காலத்துல சோழிதான் அங்க பணம், அதுல ஏகப்பட்டது மாலத்தீவுல இருந்து நம்ம கடல் வழியா போனது. முதல்ல பேரம் பேசவே கூசுவாங்க, ஏழைங்ககிட்ட போய் கொறைக்கச் சொல்றதான்னு. என் மனைவி ஒருதடவை சொன்னா, ஆன்ட்டி, பேரம் பேசாம சொன்ன வெலயக் குடுத்துட்டு வந்தா நீங்க அவள மனுஷியாவே மதிக்கலன்னு அர்த்தம், நின்னு நாலு வார்த்த பேசுங்கன்னு. அடுத்த வாரம் அந்தம்மா தக்காளிக்காரியோட பிள்ளைங்க பேரெல்லாம் தெரிஞ்சிட்டு வந்தாங்க.

அங்க இருக்கிற பழக்கவழக்கம் தமிழாளுக்குப் புரியுற அளவுக்கு அவங்களுக்குப் புரியாது, அதனால இத நீங்களே உங்க நண்பர்கிட்ட வெளக்கிச் சொல்லலாம். இடது கையால குடுக்கவோ வாங்கவோ காட்டவோ கூடாது. கடைல போனதும் நேரா சாமானக் கேக்கக் கூடாது, முதல்ல குட் மார்னிங், எப்படி இருக்கீங்க, அப்புறம்தான் வெங்காயம். கூட்டத்துல போனா வலது கைப்பக்கம் இருக்கிறவர்ல ஆரம்பிச்சு வரிசையா கை குடுக்கணும். வீட்டுக்கு ஆள் வந்தா முதல்ல ஒரு டம்ளர் தண்ணி, குடிச்சு முடிச்சப்புறம்தான் என்ன விஷயமா வந்தீங்கன்னு கேப்பாங்க. சாப்பிட்டுட்டு இருக்கும்போது யாராவது வந்தா வாங்க சாப்பிடலாம்னு கூப்பிடாம இருக்க மாட்டாங்க. போறவங்க போறேன்னு சொல்ல மாட்டாங்க, ஐயாம் கமிங்னு சொல்லிட்டுப் போவாங்க. எங்க மாடி ஐயா எலக்ட்ரீஷியன் ஐயாம் கமிங்னு சொன்னத நம்பி ரெண்டு மணி நேரம் வாசல்லயே நின்னாரு, நான்தான் போய் அங்கிள், இது எங்க ஊரு போயிட்டு வர்றேன் மாதிரின்னு வெளக்கினேன்.

இன்னொண்ணு சாரி. ஒருநாள் சாயங்காலம் அந்த ஐயா கால்வாய் ஓரத்துல கால் சறுக்கி முட்டி தேச்சுக்கிட்டாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாழைக்காய் சுட்டு விக்கிற அம்மா சாரி சாரின்னு கத்திக்கிட்டே ஓடி வந்தாங்க. இவரு நல்ல மனுஷன், இது உங்க தப்பு இல்லையேன்னு திரும்பத் திரும்ப சொல்றாரு, அந்தம்மாவுக்குப் புரியல. அங்க சாரின்னா மன்னிச்சிருங்க மட்டும் இல்ல, ஐயோ பாத்து, வலிக்குதான்னு அர்த்தம். அவங்க முட்டியக் கழுவி விட்டு, ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, காசு வாங்காம சுட்ட வாழைக்காயும் கடலையும் கைல திணிச்சாங்க. அவரு பர்ஸ எடுத்தாரு. அந்தம்மா மொகம் சுருங்கிருச்சு. நான் பின்னாடி வந்துட்டு இருந்தேன், அங்கிள், பர்ஸ உள்ள வைங்க, தேங்க்ஸ் சொல்லிட்டு சாப்பிடுங்க, அவங்க மொழில மெதாசேன்னு சொல்லுங்கன்னேன். சொன்னாரு. மறுநாள்ல இருந்து அந்த வழியா போறப்பல்லாம் ஸ்டூல் அவருக்காக வெளிய வந்துரும். அந்த ஸ்டூல்ல உக்காந்துதான் அவரு அந்தத் தெருவுல அத்தனை பேரையும் தெரிஞ்சுக்கிட்டாரு, ஆபீஸ்ல இருந்து இல்ல.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்த ஊர்ல நரச்ச தலைக்கு மரியாத உண்டு. கைல பை இருந்தா எங்கயோ இருந்து ஒரு பையன் வந்து வாங்கிக்குவான். அமெரிக்கக்காரங்க, நானே தூக்குவேன், என்னால முடியும்னு இழுப்பாங்க, அவங்க ஊர்ல அது கம்பீரம், இங்க அது அந்தப் பையன விரட்டுற மாதிரி. முதல்ல வந்த ஜோடி கடைசி வரைக்கும் எல்லாத்தையும் தாங்களே செஞ்சாங்க, ரொம்ப நல்லவங்க, நிறைய உதவி பண்ணினாங்க, ஆனா அவங்க போறன்னிக்கு வாசல்ல வாட்ச்மேனும் நாங்களும்தான் நின்னோம். மூணாவது ஜோடி போறப்போ தெருவே நின்னுச்சு. இதுல யாரையும் கொறை சொல்லல, ரெண்டுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அந்தப் பைதான்.

அவங்க சபை அங்க வந்த கதைலயே இது இருக்கு. 1978 ஜூன் வரைக்கும் கருப்பின ஆம்பளைங்களுக்கு அந்த சபைல குருத்துவம் கெடையாது, அந்த மாசம்தான் அந்தத் தடைய எடுத்தாங்க. நவம்பர்ல ரெண்டு தம்பதிய மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினாங்க, ரெண்டல் மேபி, அவரு மனைவி ரேச்சல், எட்வின் கேனன், அவரு மனைவி ஜேனத். மேபிக்கு அப்போ 70 வயசு. முதல்ல நைஜீரியா, டிசம்பர்ல கானாவுல கேப் கோஸ்ட். அங்க ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன்னு ஒருத்தர் 1964ல இருந்தே அவங்க வேதமான மார்மன் புத்தகத்தப் படிச்சுட்டு தானா கூட்டம் கூட்டி வச்சுக்கிட்டு 14 வருஷமா காத்திருந்தாரு. பின்னாடி 1989 ஜூன்ல கானா அரசாங்கம் இந்த சபைக்குத் தடை போட்டு வெளிநாட்டு மிஷனரிங்கள அனுப்பிருச்சு, 1990 நவம்பர்லதான் தடை நீங்குச்சு, அந்த ஒன்றரை வருஷமும் உள்ளூர்க்காரங்க வீட்டுக்குள்ளயே ஆராதனை நடத்தி சபையக் காப்பாத்தினாங்க. அதனால நாங்க போய்த்தான் கத்துக் குடுக்கப் போறோம்னு யாராவது போனா அங்க இருக்கிற வயசாளிங்களுக்கு சொல்ல இவரவிட அதிகமா இருக்கும்.

பணம் கேக்குறது. இதுதான் ராத்திரி தூக்கம் கெடுக்கிற விஷயம். ஸ்கூல் பீஸ், ஆஸ்பத்திரி பில், தையல் மெஷின் வாங்கணும், விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணுங்க, வாரம் ஒருத்தராவது கேப்பாங்க. தனியா காசு குடுக்கக் கூடாது, தேவைன்னா அங்க இருக்கிற பிஷப் வழியாத்தான் (நம்ம பிஷப் மாதிரி இல்ல, அந்தந்த உள்ளூர் சபைய நடத்துற ஆளுக்கே அங்க பிஷப்னு பேரு)னு அவங்களுக்கு சொல்லி அனுப்பியிருப்பாங்க, அது சரியான யோசனைதான்னு நானும் நெனக்கிறேன், ஏன்னா உண்மைல யாருக்குக் கஷ்டம்னு பிஷப்புக்குத்தான் தெரியும், நீங்க ஒருத்தருக்குக் குடுத்தா பத்து பேர் மனசு ஒடையும். ஆனா இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு மொற இருக்கு. நின்னு, அவங்க கதைய முழுசாக் கேட்டு, தண்ணி குடுத்து, அப்புறம் என்னால இத செய்ய முடியாதும்மான்னு சொன்னா அங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அவசரமா தலைய ஆட்டிட்டு கார் கண்ணாடிய ஏத்தினா மறக்க மாட்டாங்க. ரெண்டாவது ஜோடில அந்தம்மா முதல் மூணு மாசம் இதுக்காகவே வெளிய வராம இருந்தாங்க, குற்ற உணர்ச்சி, பாவம். அப்புறம் வாட்ச்மேன் மனைவிகிட்ட புபு இடிக்கக் கத்துக்கறேன்னு போய் நின்னாங்க. தெருவுல எல்லாருக்கும் சிரிப்பு தாங்கல, அந்தம்மாவுக்கும்தான். அதுக்கப்புறம் அவங்கள பாத்ததும் பணம்னு நெனக்காம, ஒலக்கைய ஒழுங்காப் பிடிக்கத் தெரியாத மம்மின்னு நெனச்சாங்க.

இப்போ அந்த ஆறரை மணி. ஊர்ல அவருக்கு ஒரு ஷெட்டு, அந்தம்மாவுக்கு தோட்டம், பிரெண்ட்ஸ்னு ஆளுக்கொரு பக்கம் இருந்திருப்பாங்க. இங்க ஒரே ஆபீஸ், ஒரே கார், ஒரே ரெண்டு ரூம், 24 மணி நேரமும். மேல நாற்காலி இழுக்குற சத்தத்துலயே அன்னிக்கு சண்டைன்னு எங்களுக்குத் தெரியும். யார் கார் ஓட்டுறது, யார் வழி சொல்றதுங்கிறதுலதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். பொழைச்ச ஜோடிங்க பண்ணினது என்னன்னா வேலையப் பிரிச்சுக்கிட்டாங்க, அவரு கணக்கு, அந்தம்மா பொண்ணுங்களுக்கு பியானோ சொல்லிக் குடுக்கப் போயிருவாங்க, சாயங்காலம் ரெண்டு பேருக்கும் சொல்ல ஆளுக்கொரு கதை இருக்கும். கணவர் வேலைக்குத் துணையா மட்டும் வந்த மாதிரி அந்தம்மா இருந்தா ஆறாவது மாசம் கண்டிப்பா ஒடஞ்சு போவாங்க, இத நண்பர்கிட்ட அழுத்திச் சொல்லுங்க, கெளம்புற முன்னாடியே அம்மாவுக்கு என்ன வேலைன்னு கேட்டு வாங்கட்டும்.

பேரப்பிள்ளைங்க ஏக்கத்துக்கு மருந்து கெடையாது. அக்ராவுல ராத்திரி 8 மணின்னா உட்டாவுல பகல் 1 மணி, கோடையில 2 மணி, பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கும், அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு ஒரு நேரத்த முன்னாடியே நிச்சயம் பண்ணிக்கிட்டாத்தான் வீடியோ கால் நிக்கும். நெட்டு போயிரும், படம் அப்படியே நின்னுரும், குழந்தைக்குப் பொறுமை இருக்காது, ஓடிரும். அன்னிக்கு ராத்திரி மாடில லைட் அணைய நேரமாகும். ஆனா அந்த பேட்ஜ் போட்ட பையனுங்க இருக்காங்களே, 19 வயசு, ஊர விட்டு முதல் தடவையா வந்தவனுங்க, காய்ச்சல்னா பசின்னா மாடிப்படி ஏறி வந்துருவானுங்க. அந்தம்மா ஓவன்ல ஏதாவது சுடுற வாசம் எங்க வீடு வரைக்கும் வரும். அமெரிக்காப் பையன், நைஜீரியாப் பையன், கென்யாப் பையன் எல்லாரும் ஒரே சோபால. ஏக்கம் தீரல, ஆனா கை சும்மா இல்ல.

ஊர்ல சாவு விழுந்தா என்ன பண்றதுன்னும் பேசி வச்சுக்கச் சொல்லுங்க, 65 வயசுக்காரங்களுக்கு 90 வயசுல அப்பா அம்மா இருப்பாங்க. நாலாவது ஜோடில அந்த ஐயாவோட அம்மா தவறினாங்க, அவரு போகல, லைவ்ல பாத்தாரு. கானாவுல சாவுங்கிறது தெருவோட விஷயம், சனிக்கிழமைல எல்லாரும் கருப்பும் செவப்பும் கட்டிக்கிட்டுப் போவாங்க, ரொம்ப வயசாகி வாழ்ந்து முடிச்சவங்கன்னா வெள்ளையும் கருப்பும், பணம் குடுத்தா நம்ம மொய் மாதிரியே நோட்டுல எழுதி பேர் வாசிப்பாங்க. வாட்ச்மேன் வழியா சேதி பரவி, அந்த சனிக்கிழமை தெருக்காரங்க வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு மாடிப்படில ஏறி வந்தாங்க, அவரு அம்மாவ ஒருத்தர் கூட பாத்ததில்ல. வாழைக்காய் அம்மா ஒரு கவர் குடுத்தாங்க, உள்ள 20 சேடி. அவரு என்னப் பாத்தாரு, நான் வாங்கிக்கங்கன்னு தலை அசைச்சேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. என் மனைவி ஒரு நோட்டு எடுத்து பேர் எழுதினா.

அப்புறம் ஒரு சின்ன வேல உங்களுக்கு. கானாவுல நிறைய பேருக்கு பொறந்த கிழமைய வச்சுத்தான் பேரு, வெள்ளிக்கிழமைன்னா கோபி, ஐ.நா. பொதுச்செயலாளரா இருந்த கோபி அன்னான் அப்படித்தான், சனிக்கிழமைன்னா குவாமே, அவங்க முதல் ஜனாதிபதி குவாமே இங்க்ருமா மாதிரி, பொண்ணுன்னா சனிக்கிழமைக்கு அமா, ஞாயித்துக்கிழமைக்கு அகோசுவா. போய் இறங்கின முதல் நாளே எங்க பேரு இதுன்னு அவங்க சொன்னா அந்தத் தெரு பாதி சொந்தமாயிரும். உங்க நண்பர்கிட்ட ரெண்டு பேரோட பொறந்த தேதியக் கேட்டு, என்ன கிழமைன்னு காலண்டர்ல பாத்து எழுதுங்க, பேரு நான் சொல்றேன்.